தூங்குமூஞ்சி அம்மன்

மரத்தில் சிவப்புப் பெயின்டால் நம்பர் எழுதினால், அது தூக்குத் தண்டனைக் கைதியின் நம்பர் என்றுதான் நம்பினேன். சிரிக்காதீர்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில்தான் கன்னியம்மா கூடை வைத்து மீன் விற்பார். கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பும் அந்த ரோட்டில் வேறு நிழல் கிடையாது. இது போனால் மதியத்துக்குள் மீன் கெட்டுவிடும்.

அந்த மரத்தில் திடீரென்று ஒரு நம்பர்! வெட்டத்தான் போகிறார்கள். மனு போடலாமே என்கிறீர்களா? பதில் வருவதற்குள் மரம் விறகாகிவிடுமே... வீட்டிலிருந்த மஞ்சள் புடவையை மரத்தில் சுற்றி, குங்குமம் வைத்தேன். சாமியை எவன் வெட்டுவான்?

"இன்னா நைனா, மரத்துக்குப் பொடவ கட்டிகினு கீற? வூட்ல அண்ணிக்குத் தெரியுமா?" என்றார் கன்னியம்மா.

"எல்லாம் உன் நிழலுக்காகத்தான்!"

"வேப்பமரம்னாலும் பரவால்ல. தூங்குமூஞ்சில எந்த அம்மன் வந்து குந்தும்?"

குந்தியது. முதலில் கற்பூரம், பிறகு உண்டியல், பிறகு மரத்தின் கழுத்தை நெரிப்பதுபோல் சுற்றிலும் சிமென்ட் மேடை. நிர்வாகிகள்கூட வந்துவிட்டார்கள் — என்னைத்தான் சேர்க்கவில்லை.

நம்பர் எழுதப் பெயின்ட் டப்பாவோடு வந்த மாநகராட்சி ஆளை அதற்கப்புறம்தான் பிடித்தேன்.

"இது வெட்டுறதுக்கு இல்ல சார், கணக்கெடுப்பு. தெரு மரம்னு கணக்குல வந்தாச்சு. பசுமைக் கமிட்டி பாத்து அனுமதி தராம யாரும் கை வைக்க முடியாது. உங்க வூட்டுக்குள்ள கீற மரத்துக்கும் அனுமதி வாங்கணும்."

அதாவது, அந்த நம்பர்தான் மரத்துக்குக் காவல்!

சந்தோஷமாக ஓடிப்போய்ப் புடவையை அவிழ்த்தேன். ஒரு நிர்வாகி என் கையைப் பிடித்தார்.

"யோவ், அம்மன் பொடவயவே உருவுறியா?"

மறுநாள் கன்னியம்மாவின் கூடையைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள். அம்மன் எதிரே கவிச்சி கூடாதாம்.

"நல்லா காப்பாத்துன நைனா" என்றார் கன்னியம்மா. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சிமென்ட் இறுகியதில் கிளைகள் காய்ந்தன. பக்தர்கள் தலையில் விழும் என்று நிர்வாகிகள் மனு போட்டார்கள். கமிட்டி வந்தது, பார்த்தது, அனுமதித்தது. எல்லாம் சட்டப்படி. மனுவுக்குப் பதிலே வராது என்று யார் சொன்னது?

போன வாரம் வெட்டிவிட்டார்கள். அடிமரம் மட்டும் இருக்கிறது — புடவை கட்டுவதற்கு.

கன்னியம்மா எதிர்ப்பக்கம் வெயிலில் உட்கார்ந்து, மீனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார்.