ஐந்தாவது தலை

குழு அறையில் மணியடிப்பது அவர் வேலை. அதனால் சட்டமன்றக் கட்டடம் முழுவதும் அவருக்கு மணியக்கா என்றே பெயர். தண்ணீர் வைப்பார், கோப்பு எடுத்துத் தருவார். எந்த உறுப்பினர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலி என்று முனகுவார் என்பது வரை அவருக்குத் தெரியும்.

பதினொரு வருடங்களுக்கு முன் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ரத்தப் பரிசோதனை செய்த இடத்திலிருந்து யாரோ நிர்வாகியின் காதில் ஒரு வார்த்தை போட்டார்கள். மறுநாள் அவருடைய தம்ளர் தனியாக வைக்கப்பட்டது. அந்த வாரமே வேலை போயிற்று.

எச்.ஐ.வி. இருப்பதை இந்தக் கட்டடத்தில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நான் குழுவின் ஆய்வு உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தக் கடிதத்தைத் தவிர என் படிப்பு வேறு யாருக்கு உதவியிருக்கிறது என்று யோசித்தால் சட்டென்று பதில் வராது. இதை எழுதுவதுகூட அவர் சரி என்ற பிறகுதான்.

அன்று எச்.ஐ.வி. மசோதாவின் ஒன்பதாம் பிரிவு ஓட்டுக்கு வந்தது. ஒருவரின் பரிசோதனை முடிவை அவர் சம்மதமில்லாமல் வேலை கொடுப்பவரிடம் சொல்லக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஐந்து மணிக்குக் கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் குழு ஏற்காவிட்டால் அது செத்த மாதிரிதான்.

ஓட்டெடுக்க ஐந்து உறுப்பினர்களாவது வேண்டும். பதிவேட்டில் ஐந்து கையெழுத்துகள் இருந்தன.

"அஞ்சு பேர் இருக்காங்கம்மா" என்றேன் ஆளுங்கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவியிடம்.

எதிர்க்கட்சி டாக்டர் நிமிர்ந்தார். "கையெழுத்தா கையைத் தூக்கப் போகுது? தலையை எண்ணும்மா."

நான்கு தலைகள்தான்.

தலைவியின் முகம் சுண்டியது. "டாக்டர், நீங்களும் ஆதரவுன்னுதானே சொன்னீங்க?"

"ஆதரவுதான். என் கட்சிக்காரங்ககிட்ட திட்டு வாங்கத் தயாராத்தான் வந்திருக்கேன். ஆனா நாளைக்கு எவனாவது இது செல்லாதுன்னு கிளம்பினா?"

ஐந்தாவது ஆள், சிறிய கட்சி ஒன்றின் மீசைக்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போயிருந்தார். நான் கவனிக்கவில்லை. ஆள் குறைந்தால் ஐந்து நிமிடம் மணியடிக்கலாம். பிறகும் வராவிட்டால் கூட்டம் கலைந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்திலிருந்த பொத்தானை மணியக்கா அழுத்திப் பிடித்தார். மணி அலறியது. நான் வெளியே ஓடினேன்.

மீசைக்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"ஐயா, நீங்க வந்து உக்காந்தாதான் ஓட்டெடுக்க முடியும்."

"அதனாலதான் இங்க நிக்கிறேன்."

"எதிர்த்தே போடுங்க ஐயா."

"யாருக்கு இவ்ளோ அவசரம்? எட்டு வருஷமா உறுப்பினரா இருக்கேன். ஒருத்தர் வந்து இதைக் கேட்டதில்ல. ஒரே ஒரு ஆளைக் காட்டு, ரெண்டு கையையும் தூக்கறேன்."

அந்த ஆள் பத்தடி தூரத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். அவரைக் காட்ட என் கை தானாக எழுந்தது. நல்லதுக்குத்தானே? பள்ளிக்கூட நிர்வாகியிடம் சொன்னவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

கையை இறக்கினேன். "காட்ட மாட்டேங்க ஐயா."

"ஆள் இல்லையா, காட்ட மாட்டியா?"

"மாட்டேன். நானே காட்டிட்டா, அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு?"

அவர் மீசையைத் தடவினார். "வாய் மட்டும் வக்கீல் வாய்." பிறகு வாசல் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தார். "ஏம்மா, காது கிழியுது! நிறுத்தும்மா அதை!"

"நீங்க உக்காந்தா நிறுத்திடுறேங்க" என்றார் மணியக்கா. உறுப்பினர்களிடம் 'சரிங்க' தவிர வேறெதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மீசைக்காரர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "எதிர்த்துதான் போடுவேன். எங்க கட்சிக் கொறடாவுக்குப் பதில் சொல்லணும். ஆனா மணிக்குப் பயந்து ஒளிஞ்சவன்னு பேர் எடுக்க முடியாது."

உள்ளே போய் உட்கார்ந்தார். மணி நின்றது. நான்குக்கு ஒன்று. எதிர்த்து எழுந்த ஒரே கை அவருடையது. ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அக்கா தம்ளர்களை அடுக்கினார். நான் பதிவேட்டை மூடாமல் நின்றேன்.

"உன் கை எழுந்ததைப் பாத்தேன் பாப்பா."

"மன்னிச்சிடுங்கக்கா."

அவர் பொத்தான் அழுத்திச் சிவந்த கட்டைவிரலை வாயால் ஊதிக்கொண்டார்.

"அடுத்த தடவை தலையை எண்ணு" என்றார்.