வெறும் பம்பு

பட்டறையில் அப்பாவின் பழைய பம்பைப் பிரித்தேன். உள்ளே தோல் வாஷர்கள் கருகியிருந்தன. அந்த வாடை என்னைத் தென்காசிக்கு இழுத்துப்போனது.

எண்பதுகளில் ஒரு வருடம் சாரல் பொய்த்தது. குற்றாலத்துக்கு வேன்கள் வரவில்லை. வண்டி கழுவும் அப்பாவின் வாட்டர் சர்வீஸ் கிணறும் வற்றியது. பின்னறையில் அம்மா எழமுடியாமல் படுத்திருந்தாள்.

"வண்டி வந்திருக்கா?" என்பாள்.

"ரெண்டு வேன் நிக்குதுட்டி" என்று சொல்லிவிட்டு, அப்பா தண்ணீரில்லாத பம்பை ஓடவிடுவார். அப்படி ஓட்டினால் அது கெடும் என்று அவருக்குத் தெரியாதா?

வண்டி கழுவிய தண்ணீர் அம்மாவின் ஜன்னலடி வாறுகாலில்தான் ஓடும். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "பம்பு சத்தம் கேக்குது, வாறுகால்ல தண்ணிச் சத்தத்தக் காணும்லே. அப்பாட்ட கேட்டுராத."

அடுத்த சாரலை அவள் பார்க்கவில்லை.

இன்று புது வாஷர் போட்டு ஓட்டினேன். தண்ணீர் பீறிட்டது. பொய் சொல்லவும், நம்பியதுபோல் கிடக்கவும் வீட்டில் யாருமில்லை.