ஒடிந்த பட்டையில் அடித்த கத்தி

பளபளவென்று தீட்டிய கத்தியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1986இல், பள்ளியை விட்ட புதிதில், யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன். எங்கள் தெருச் சகாதேவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை பார்க்காமல் விட்டுவிட்டார்.

லாரி ஷெட்டில் வேலை பார்த்த அவர், ஞாயிறுகளில் வீட்டுக்குப் பின்னால் உலை மூட்டிக் கத்தி அடிப்பார். கட்டடக் கம்பியில் கூர் நிற்காது. பழைய அரத்தில் அடித்தால் சில்லு தெறிக்கும். லாரியின் பாரம் தாங்கும் வில்லுப்பட்டைதான் சரியான எஃகு. ஆனால் ஓட்டத்தில் ஒடிந்த பட்டையை, மீதியிலும் விரிசல் ஓடியிருக்கும் என்று, தொடமாட்டார். அந்த ஐப்பசியில் வேறு கிடைக்கவில்லை. ஒடிந்ததில் நீளமான பாதி நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு கத்தி அடித்தார். ஒன்று வீட்டுக்கு, மற்றது கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் வெள்ளையம்மாளுக்கு.

பௌர்ணமியன்று காலை அவர் மனைவி தனம் தேங்காய் மட்டையை வெட்டினாள். கத்தி ஒடிந்து, நுனி அவள் காதோரம் பறந்துபோய்க் கதவில் குத்தியது.

"எனக்கு ஒண்ணும் ஆவல. அந்த அக்காவைப் போய்ப் பாருங்க!"

சகாதேவன் தன் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். மலை சுற்றும் கூட்டம் வழிவிடவில்லை. மணியடித்தடித்து விரல் மரத்தது. வெள்ளையம்மாளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து முகங்கள் நெருக்கி நின்றன. அவள் கத்தியை ஓங்கினாள்.

"அக்கா, வெட்டாதீங்க!"

"வெட்டாம கடிச்சா குடுக்கறது?"

கூட்டம் சிரித்தது.

"அது ஒடிஞ்சிடும்க்கா. தனம் கையில இப்பதான் ஒடிஞ்சுது."

"மூணு நாளா சீவறேன். ஒடியறது மொத நாளே ஒடியாதா?"

சகாதேவன் கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். டீக்கடையில் மண்ணெண்ணெய் கேட்டு அதில் ஊறவைத்தார். பத்து நிமிடம். தாகத்தோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அழுத்தித் துடைத்தார். "விபூதி இருக்காக்கா?"

அவள் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்தாள். அதைக் கத்தி முழுக்கத் தூவினார்.

"விபூதி பூசியாச்சு, மொட்டை எப்போ?" என்றான் ஒருவன்.

விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைச் சாம்பலில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. சிரிப்பு நின்றது. கல்லில் வைத்து ஒரே தட்டு, கத்தி இரண்டாயிற்று.

வெள்ளையம்மாள் எதிரே நின்ற முகங்களைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா குடுத்தே?"

"பாக்காம குடுத்துட்டேன்க்கா." அவர் பழைய கத்தியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இதுக்கும் பூசிக் காட்டு."

காட்டினார். கோடு வரவில்லை. அதன்பிறகுதான் அவள் காயை எடுத்தாள்.

வீட்டில் கத்தி அடிக்கிறவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தால், மண்ணெண்ணெயும் விபூதியும் சேர்த்து இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.