பந்து காலில், பயம் மனசில்

பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சாக இருப்பது விசில் ஊதுகிற வேலை என்று என் வீட்டுக்காரர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் அப்படி நம்பித்தான் இதற்குள் வந்தேன். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். பள்ளி நேரம் போக, ஊர்ப் பெண்கள் அணிக்குக் கோச். அணியில் நூல் மில்லுக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள் எல்லாரும் உண்டு. பாஸ் கொடுக்க, ஹெட் பண்ண, ஷூட் அடிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிறவளிடம் என்ன சொல்வது என்று எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. உங்களில் யாராவது விளையாட்டு டீச்சராகவோ கோச்சாகவோ இருந்தால் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

கோல்கீப்பரின் வாய்

எங்கள் கோல்கீப்பர் முத்துச்செல்வி பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறவள். கோலுக்குள் போய் நின்றால் மேட்ச் முடியும்வரை அவள் வாய் ஓயாது. "ஏட்டி, இடது பக்கம் ஒருத்தி வாரா பாரு", "நீ எங்கிட்டுப் போற, பந்து இங்கிட்டுல்லா கிடக்கு" என்று கத்திக்கொண்டே இருப்பாள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது முந்தின நாள் வைத்த குழம்பைப் பற்றிக்கூடப் பேசுவாள். ஒரு மேட்சில் எதிர் அணிக் கோச் ரெஃப்ரியிடம் போய்ப் புகாரே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மேட்சில் வாயைத் திறக்கக் கூடாது, பந்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

சொன்னபடி கேட்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முதலில் வந்த பந்து கைக்குள் விழுந்து நழுவி உள்ளே போனது. அடுத்த பந்து அவளுக்குப் பக்கத்திலேயே மெதுவாக உருண்டு போனது, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இடைவேளையில் கூப்பிட்டு, என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "தறிச் சத்தத்துல நாள் பூரா கத்திப் பேசியே பழகிட்டேன் டீச்சர். பேசிக்கிட்டு இருந்தாத்தான் பயம் கிட்ட வராது. வாயை மூடினா எனக்குக் கை ஓட மாட்டேங்கு" என்றாள்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள்

மாவட்டப் போட்டிக்கு முன்னால், பிள்ளைகளுக்கு மன தைரியம் வரட்டும் என்று மதுரையிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்தேன். நல்ல மாதிரியான அம்மா. எல்லாரையும் மரத்தடியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னார். "உங்கள் காலில் பந்து இருக்கிறது. எதிரே கோல் இருக்கிறது. நீங்கள் மெதுவாக ஓடுகிறீர்கள்" என்று இதமான குரலில் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், இப்போது கண்ணைத் திறக்கலாம் என்றார். ஒருத்தியும் திறக்கவில்லை. முத்துச்செல்வியிடமிருந்து லேசாகக் குறட்டை வந்தது.

நான் வெட்கப்பட்டு விசிலை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, இவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று கேட்டார். நைட் ஷிஃப்ட் முடிந்து பலர் நேராக மைதானத்துக்கு வருவதையும், மற்றவர்கள் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு விடிவதற்குள் ஓடிவருவதையும் சொன்னேன். அந்த வாரமே காலைப் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். நைட் ஷிஃப்ட் இருக்கிற வாரம் வரவே வேண்டாம் என்றும் சொன்னேன். வெளியே போய்க்கொண்டிருந்த பாஸெல்லாம் போக வேண்டிய காலுக்குப் போக ஆரம்பித்தது. இத்தனைக்கும் அன்று அந்த அம்மா பஸ் ஏறுமுன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல இவங்களைத் தூங்க விடுங்க டீச்சர். தன்னம்பிக்கையைப் பத்திப் பொறவு பேசிக்கலாம்."

ராசியான சாக்ஸ்

ரமணி எங்கள் அணியில் வலது பக்க ஓரத்தில் ஓடுகிறவள். ஒரு மேட்சில் கோல் போட்டாள். அன்று போட்டிருந்த சாக்ஸ்தான் ராசி என்று முடிவு பண்ணி, அதைத் துவைப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் ஜெயிக்க ஜெயிக்க சாக்ஸின் மணம் ஏறிக்கொண்டே போனது. துவைக்கச் சொல்லலாம், ஆனால் அதன் பிறகு அவள் காலில் பந்து நிற்காவிட்டால் பழி என் மேல் அல்லவா வரும். பேசாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எங்களை வழக்கமாக ஏற்றிக்கொள்கிற கண்டக்டர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்: "டீச்சர், நீங்க தோத்துட்டு வந்தாலும் நான் இடம் போட்டுத் தாரேன். அந்தப் பிள்ளைய மட்டும் சாக்ஸைத் துவைக்கச் சொல்லுங்க."

கோலுக்குப் பின்னால் ஒரு குடை

பர்வீன்தான் எங்கள் ஸ்ட்ரைக்கர். அவளுடைய அத்தா ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மகள் விளையாடுவதை அவர் தடுத்ததும் இல்லை, வந்து பார்த்ததும் இல்லை. ஒரு தடவை அவள் கோல் அடித்த வீடியோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து மனுஷன் எங்கே மேட்ச் என்றாலும் கடையைச் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார். எதிர் அணிக் கோலுக்குப் பின்னால் கறுப்புக் குடையோடு நிற்பார், மகள் அடிக்கிற கோலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று.

அன்றோடு பர்வீனுக்குக் கோல் நின்றுபோனது. கம்பத்தில் அடிப்பாள், மேலே தூக்கி அடிப்பாள், தானே அடிக்க வேண்டிய பந்தை வேறொருத்திக்குத் தள்ளிவிடுவாள். நான் ஷூட்டிங் பயிற்சியைக் கூட்டினேன். பயிற்சியில் அத்தனையும் உள்ளே போனது, மேட்சில் ஒன்றும் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேட்ச் நடக்கும்போதே அத்தா தொழுகைக்குப் போய்விட்டார். குடை நகர்ந்த கொஞ்ச நேரத்தில் பர்வீன் கோல் அடித்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஆசையாக வருகிற தகப்பனிடம் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். நான் பேச்சை இழுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார். "எனக்கும் தெரியும் டீச்சர். நான் நின்னா அவளுக்குக் கால் ஓட மாட்டேங்கு. சரி, போக வேண்டாம்னு வீட்ல இருந்தா, ஏன் வரலைன்னு மூஞ்சியத் தூக்கிவைக்கா. நான் எங்கிட்டுத்தான் நிக்க?"

பர்வீனைக் கேட்டேன். அத்தா வர வேண்டும், ஆனால் பந்து காலில் இருக்கும்போது கண்ணில் படக் கூடாது என்றாள். ஆகவே அவரை எங்கள் கோலுக்குப் பின்னால், முத்துச்செல்வியின் முதுகுப் பக்கம் நிறுத்தினோம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது குடையும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கடைசிக்குப் போகும். அடுத்த மேட்சிலேயே பர்வீன் அடித்தாள். முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுத் தூரம் என் கண்ணுக்குத் தெரியல டீச்சர். பரவால்ல, சத்தம் கேட்டுச்சு" என்றார்.

கோதையின் முட்டி

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் தடுப்பாட்டக்காரி கோதைக்கு ஒரு மேட்சில் இடது முட்டியில் தசைநார் கிழிந்தது. மதுரையில் ஆபரேஷன். பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. ஒரு முனகல் இல்லாமல் அத்தனையும் செய்தாள். இனி விளையாடலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஓடினாள், திரும்பினாள், எல்லாம் பழையபடி இருந்தது. ஆனால் எதிரி பந்தோடு நேராக வரும்போது மட்டும் கடைசி நேரத்தில் அரை அடி ஒதுங்கினாள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அது அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு வந்துகொண்டிருந்தது. அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு வழி பிறக்கும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் என்னிடம் தனியாக வந்து, தேர்வுக்குத் தன் பேரைக் கொடுக்க வேண்டாம் என்றாள். இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன். "முட்டிக்குச் சரியாயிருச்சு டீச்சர். எனக்குத்தான் இன்னும் ஆகல" என்றாள்.

மதுரை ஆலோசகர் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். தைரியமாக இரு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். சின்னதாக ஆரம்பியுங்கள், எப்போது நிறுத்துவது என்பதை அவளே முடிவு பண்ணட்டும் என்றார். அதன்படி, பயிற்சி முடிந்ததும் முத்துச்செல்வி பந்தோடு நடந்து வருவாள், கோதை அதைப் பறிக்க வேண்டும். போதும் என்று தோன்றினால் கோதை கையைத் தூக்கலாம். "ஏட்டி, நான் எருமை மாதிரித்தான் வாரேன், நீ பந்தை மட்டும் எடு" என்று முத்துச்செல்வி பேசிக்கொண்டே வருவாள். முதலில் கை சட்டென்று மேலே போனது. நாளாக ஆக நடை ஓட்டமானது, கை தூக்குவது குறைந்தது. ஒரு நாள் கையைத் தூக்க மறந்தே போனாள்.

கான்சாபுரத்தில் ஒரு மேட்ச். மலைப்பக்கம் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. கோதையை வெளியே உட்காரவைத்திருந்தேன், எப்போது இறங்குவது என்பது அவள் இஷ்டம் என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் பாதியில் எழுந்து வந்து, போறேன் டீச்சர் என்றாள். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகக் கோலை நோக்கிப் பாய்ந்து வந்தாள். முத்துச்செல்விகூட வாயை மூடிவிட்டாள். கோதை ஒதுங்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைத் தட்டிவிட்டாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். அந்தப் பெண் எழுந்தாள், கோதை எழவில்லை.

அன்று நான் ஓடிய ஓட்டத்தை என் பள்ளிக்கூட மாணவிகள் பார்த்திருந்தால் மதித்திருப்பார்கள். தேர்வுக்கு அவள் பேரைக் கொடுத்ததும், பல்கலைக்கழக அணியில் அவளை மாற்று வீராங்கனையாக எடுத்ததும் அதற்குப் பிறகு நடந்தது. அன்று நான் போய்ச் சேர்ந்தபோது கோதை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று நினைத்தேன். கையை விலக்கிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதாம்மா என்று கேட்டேன். "வலிக்குது டீச்சர். ஆனா இது ஆபரேஷன் பண்ணாத காலு" என்றாள்.

இந்த விளையாட்டுக்குக் கால்பந்து என்று பேர் வைத்தவர் ஒரு நாள்கூடக் கோச்சாக இருந்திருக்க மாட்டார், இருந்திருந்தால் காலை விட்டுவிட்டு வேறு எதன் பேரையாவது வைத்திருப்பார்.