காலிப் பானையில் ஒரு பிடி

எஸ்தர் அக்கா இல்லை. காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அம்மா பூட்டாங்க சித்தி..."

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில். நாங்கள் இருவரும் களத்தில் அவித்த நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைப்போம்.

நான் வெயிலைத் திட்டிக்கொண்டே இருப்பேன். அவர் முணுமுணுவென்று ஜெபம். "உன் சாமிக்குக் காது வலிக்கப் போவுதுக்கா" என்பேன். "வலிக்கட்டுமே, கேட்டா போதும்" என்பார்.

தினமும் உலையில் போடுமுன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து, கண்ணை மூடி, ஒரு பால் பவுடர் டின்னில் போடுவார். அது ஆண்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

அப்புறம் அந்த வருஷம்... மழையே இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. நெல் வராமல் மில்லை மூடிவிட்டார்கள்.

மெட்ராஸுக்கு வேலை தேடிப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பேதி. எனக்குப் பாலும் வற்றிவிட்டது.

அக்கா டின்னோடு வந்தார். அப்படியே என் பானையில் கவிழ்த்தார்.

"அக்கா, இது சாமி அரிசியாச்சே..."

"அவருக்கு இன்னா, பசியா கீது? கொயந்தைக்குக் கஞ்சி வை."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அரிசிப் பானை காலி. அந்தக் காலிப் பானைக்குள் கையை விட்டு, மூடிய கையை டின்னுக்கு மேலே கொண்டுபோய்த் திறந்தார். ஒன்றும் விழவில்லை.

"இன்னாக்கா பண்ற? பைத்தியமா உனுக்கு?"

"நெல்லு இல்ல, வேல இல்ல. இதையும் வுட்டுட்டா எனுக்கு வேற இன்னா கீது, சொல்லு?"

என் பிள்ளை பிழைக்கவில்லை.

அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "அத்தினி ஜெபம் பண்ணியே, உன் சாமி இன்னா கிழிச்சாரு?"

"தெர்லடி... நானும் அத்தத்தான் கேட்டுக்கினு கீறேன்" என்று அழுதார். அழுதுகொண்டே என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். அதே காலிப் பானை. இந்த முறை என் கையையும் சேர்த்து உள்ளே விட்டார்.

எத்தனை நாள் இரண்டு பேரும் அப்படி வெறுங்கையைத் திறந்தோம் என்று ஞாபகமில்லை. அது மட்டும் இல்லாவிட்டால் நான் ஏதாவது கிணற்றில் விழுந்திருப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இன்று என் வீட்டில் மூட்டை நிறைய அரிசி. போன் வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டைக்குள் கையை விட்டேன்... எடுக்கவே முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன் அக்கா. நான் வருவதற்குள் குழியை மூடவேண்டாம் என்று உன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பிடி மண் நான் போடவேண்டும்... இன்றைக்கு என் கையைப் பிடிக்க நீ இல்லை.