‘அண்ணே, தமிழா?’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிராங்கூன் ரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இது நடந்தது. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, தோ பாயோவில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் பிடிக்க நின்றிருந்தேன். ஒரு கையில் மீன் பை, மறு கையில் தமிழ்ப் பத்திரிகை, மனசு நிறையப் பயம்.

எதற்குப் பயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து லிஃப்ட் பராமரிப்பு வேலைக்காக சிங்கப்பூர் வந்து அப்போது இருபது வருடம் தாண்டியிருந்தது. நிரந்தரவாசி, அதாவது நீல அட்டைக்காரன். குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் ‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வந்தது. மூன்றாவது முறை, கொள்கையளவில் ஒப்புதல் என்று வந்துவிட்டது. இன்னும் சில மாதங்களில் சடங்குகளை முடித்து குடிமகனின் இளஞ்சிவப்பு அட்டை வாங்கிவிடலாம்.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு வாகனம்கூட வராத சாலையில், சிக்னலில் பச்சை மனிதன் எரியும்வரை நிற்பேன். பஸ்ஸில் பயண அட்டையைத் தட்டியது பதிந்ததா என்ற சந்தேகத்தில் ஓட்டுநரிடம் போய்க் கேட்பேன். ஒருநாள் தும்மல் வந்து அடக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “ஏங்க, தும்முறதுக்கும் ஃபார்ம் போட்டு பர்மிஷன் வாங்குவீங்க போல” என்றாள்.

பயந்தவனுக்கு வாய் மட்டும் குறையவில்லை. அன்று காலைகூட தேக்கா உணவங்காடியில் நண்பர்களோடு தேநீர் குடிக்கும்போது பெரிய விவாதம். வேலை பாஸ் முடிந்தும் ஒளிந்திருந்த ஒருவருக்கு வாடகைக்கு அறை கொடுத்தவர் மாட்டிக்கொண்டார் என்று யாரோ சொன்னார். நண்பர்களில் ஒருவர், “அவனுக்கு என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும்?” என்றார். நான் மேசையைத் தட்டினேன்.

“கஷ்டம் எல்லாருக்கும்தான்லா. நான் இருவது வருஷம் வரிசையில நிக்கலையா? வரிசைன்னா வரிசைதான்.”

“நீ நின்ன வரிசையில ஏசி இருந்துச்சுப்பா” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அறை கொடுத்தவரின் கதை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் கதையோடுதான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். வலது கையில் மணிக்கட்டு வரை பெரிய கட்டு. இடது கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சில தாள்கள். என்னைப் பார்த்தார், என் பத்திரிகையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“அண்ணே, தமிழா? ஒரே ஒரு வரி இருக்குண்ணே. என்ன போட்டிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க.”

உறையை நீட்டினார். மேலே இருந்த தாளின் தலைப்பு என் கண்ணில் பட்டது. ‘ஸ்பெஷல் பாஸ்’.

ஓட்டல் பலகையில் ஸ்பெஷல் என்று போட்டிருந்தால் விசாரிக்காமல் வாங்குகிற ஆள் நான். இந்த ஸ்பெஷலைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். தவணை முடிந்தும் தங்கிப் பிடிபட்டவர்களுக்கு இந்தத் தாளைக் கொடுப்பார்கள் என்று எங்கேயோ அரைகுறையாகக் கேட்டிருந்தேன். நிமிர்ந்தால் கம்பத்தில் கேமரா. என் மண்டைக்குள் ஒரு அதிகாரி அந்தப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ‘கூட நிற்கும் மீன் பை ஆசாமி யார்?’ என்று கேட்டே விட்டார்.

“ஸாரி. நோ டமில்” என்றேன்.

வீட்டில் என் மகள் ‘டமில்’ என்று சொன்னால், நாக்கை மடித்து ‘ழ’ சொல்லும்வரை விடமாட்டேன். அப்படிப்பட்ட அப்பன், ‘ழ’ தப்பித்தவறி வந்துவிடக் கூடாதே என்று நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டமில் என்றேன். அது போதாது என்று “தெலுகு” என்றும் சேர்த்துக்கொண்டேன். தெலுங்கில் எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்.

அவர் கண் மறுபடி என் கையிலிருந்த பத்திரிகைக்குப் போனது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தமிழ். அதைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டேன்.

“ஓ. ஸாரி சார்” என்று உறையை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் அது தோ பாயோ போகாது என்று தெரிந்தது. மீன் கெட்டுவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

ஐந்து மாதம் கழித்துக் குடிநுழைவு அலுவலகத்தில் என் கடைசிக் கட்டம். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று, புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத்தில் உறை போட்டு வைத்திருந்தேன். எண்சீட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெஷல் பாஸில் அடுத்த தவணைக்கு ‘சாப்’ அடிக்க, அதாவது முத்திரை வாங்க, வந்தவர்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“கப்பல் பட்டறையில கை நசுங்கினதுக்கு உனக்கு எப்பவோ கேஸ் முடிஞ்சிருக்கணுமேடா” என்றார் ஒருவர்.

“டாக்டர் கடைசியாப் பாத்து எழுதிக் கொடுத்தாத்தான் முடியும். அந்தத் தேதியைத்தான் விட்டுட்டேன்” என்றார் மற்றவர். “ஆஸ்பத்திரியிலேருந்து லெட்டர் வந்துச்சு. அதுல ரெண்டு தேதி. எதுக்குப் போவணும்னு தெரியல.”

“ஃபோன்ல போட்டு தமிழ்ல மாத்திப் பாக்க வேண்டியதுதானே?”

“போட்டேன். ‘முன்தள்ளப்பட்டது’ன்னு சொல்லுச்சு. ரூம்ல எல்லாரும் உக்காந்து பேசினோம். தள்ளப்பட்டதுன்னா தள்ளிப் போட்டாச்சுன்னுதானே அர்த்தம், பிந்தின தேதிக்குப் போன்னு சொன்னாங்க. போனேன். நீ போன வாரமே வந்திருக்கணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தேதி கிடைக்க ஆறு மாசம் ஆகும்னுட்டாங்க.”

“செந்தமிழ் பேசுற ஃபோனை வச்சுக்கிட்டு நீ ஏன்டா கப்பலுக்கு பெயின்ட் அடிக்கிற? அதைக் கூட்டிக்கிட்டுப் போயி பட்டிமன்றம் நடத்தலாம்ல?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தேன்.

“பாரு, முன்னாடி இருக்க அண்ணனே சிரிக்கிறாரு” என்று அந்தக் கிண்டல்காரர் என் பக்கம் குனிந்தார். “அண்ணே, தமிழா?”

ஆமாம் தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்துகொண்டு திரும்பினேன். கிண்டல்காரருக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில் பார்த்த அவர். கட்டு இப்போது இல்லை. வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன.

அந்த ஒரே ஒரு வரி எது என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. தேதியை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள், முந்தின தேதிக்குப் போ. ஆங்கிலத்தில் படித்து இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நண்பரிடம் திரும்பினார்.

“இல்லடா. அவரு தெலுங்கு.”

“தெலுங்கா? அப்புறம் எதுக்குச் சிரிச்சாரு?”

“அவரு ஏதாச்சும் நெனச்சுச் சிரிச்சிருப்பாரு. விடு.”

கிண்டல்காரர் விட்டுவிட்டார். நான் முன்பக்கம் திரும்பி, என் வண்ண வண்ண உறைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேச்சு பின்னால் தொடர்ந்தது.

“வீட்டுல எப்படி இருக்காங்க?”

“பொண்ணு பொறந்து பதினொரு நாள் ஆச்சு. அன்னைக்கே டாக்டர் பாத்து முடிச்சிருந்தா ஊருக்குப் போயிருப்பேன். பொறக்கறப்ப பக்கத்துல இருப்பேன்னு பொண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்ப கேஸ் முடியுற வரைக்கும் வேலையும் செய்யக் கூடாது, கெளம்பவும் முடியாது.”

“யாருகிட்டயாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமேடா.”

நான் உறைகளின் ஓரங்களை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

“கேட்டேன்டா. அவருக்குத் தமிழ் தெரியல” என்றார்.

அந்தப் பெஞ்சில் இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. தோளில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

“சார். யுவர் நம்பர்” என்றார் அவர், என் கையிலிருந்த எண்சீட்டையும் திரையையும் காட்டி. “கோ, சார். கோ.”

எனக்காக அவர் கஷ்டப்பட்டு ஆங்கிலம் பேசினார். நான் சொன்ன பொய்யை எனக்காக அவர் காப்பாற்றிக் கொடுத்தார். நானும் எழுந்து நின்று, லிஃப்ட் வேலையில் என் கீழ் இருக்கும் இருபத்தேழு பையன்களிடம் மேய்ப்பன் மாதிரி தமிழில் சத்தம் போடுகிறவன், “தேங்க் யூ” என்றேன்.

கவுன்டரில் எல்லாத் தாளும் சரியாக இருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி வாழ்த்துச் சொன்னார். இதற்குள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்திருந்தேன்: ‘தம்பி, நான் தஞ்சாவூர்க்காரன், அன்னைக்குப் பயந்துட்டேன்.’ திரும்பி வந்தால் பின்வரிசை காலி. ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினேன். லிஃப்ட்காரன் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடியது அன்றுதான். அவர் கிடைக்கவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேலையில் அடிபட்டவர்கள் வழக்கு முடியும்வரை சட்டப்படி இங்கே தங்குவதற்கும் அதே ஸ்பெஷல் பாஸைத்தான் கொடுக்கிறார்கள். அவரும் வரிசையில்தான் நின்றிருக்கிறார், என் வரிசையைவிடக் கடினமான ஒன்றில். அவர் அப்படி இல்லாமல் ஒளிந்து வாழ்கிறவராகவே இருந்திருந்தாலும், ஒரு வரியைப் படித்துச் சொன்னால் குற்றம் என்று இந்த ஊரின் எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழும் ஒரு ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டில் குடிமகன் ஆவதற்காகத் தமிழ் தெரியாது என்று சொன்ன ஒரே முட்டாள் அநேகமாக நான்தான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கிய பிறகு அந்த நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பத்திரிகையைத் தலைப்பு தெரிகிற மாதிரி விரித்து வைத்துக்கொண்டு. மீன் நாற்றத்தைப் பற்றி மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். சிலர் தாள்களோடு வருகிறார்கள், படித்துச் சொல்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது தாண்டியிருக்கும், அவர் எப்போது ஊர் போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.

இருபது வருடங்களில் இந்த நாடு என்னை எத்தனையோ கேள்விகள் கேட்டது, எல்லாவற்றுக்கும் மூன்று பிரதியில் சரியாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கான பதில் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.