பெண்கள் லிஸ்டில் செல்வி

கபடிக்கு அம்பயராக நிற்கிறவளுக்கு, பெற்ற தாயே ஆட வந்து நின்றாலும் வயசுச் சான்றிதழ் கேட்கத்தான் தோன்றும். உங்களில் யாராவது விசில் பிடித்துப் பிழைத்திருந்தால் என் கஷ்டம் புரியும். எழுபதுகளின் கடைசியில் பழங்காநத்தம் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் மதுரையைச் சுற்றி நடந்த பெண்கள் கபடிக்கெல்லாம் நான்தான் அம்பயர்.

சுளுக்கு எண்ணெய்

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி, நகம் வெட்டியிருக்கிறார்களா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று பார்ப்பது அம்பயர் வேலை. எண்ணெய்க் காலைப் பிடித்தால் கை வழுக்கிவிடும். நான் ஒவ்வொருத்தியின் காலையும் கர்ச்சீப்பால் துடைத்து, அதை முகர்ந்தும் பார்ப்பேன்.

ஒருநாள் கர்ச்சீப் கமகமவென்று மணந்தது. கேட்டால், கணுக்கால் சுளுக்கு என்றாள் அந்தப் பெண். அப்படியானால் இரண்டு காலிலும் எதற்கு எண்ணெய் என்றேன். கொஞ்சமும் அசராமல் சொன்னாள்: "ஒரு காலுதான் சுளுக்கு டீச்சர், இன்னொண்ணுக்குத் துணைக்குத் தடவுனேன்."

பெரிய கை

செல்லூர் அணியில் எல்லாருமே ஒரே தறி ஷெட்டில், நெசவுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற பெண்கள். அதைத் தார் சுற்றுவது என்பார்கள். கேப்டன் பாண்டியம்மா. அந்த வருஷம் புதிதாக செல்வி என்று ஒருத்தி வந்திருந்தாள். நகம் பார்க்கக் கையைப் பிடித்தேன். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது, ஆனால் கை என் கையைப் போல ஒன்றரை மடங்கு. தோளும் அகலம், குரலும் கட்டை. ஜெயிப்பதற்காக ஒரு பையனுக்கு ஜடை போட்டுக் கூட்டி வந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் செல்வம் என்றும், அது தனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை என்றும், ஐந்து வருஷமாகச் செல்விதான் என்றும் சொன்னாள். இன்றைக்குத் திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்றைக்கு ஊரில் புழங்கிய சொல்லை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அன்றைக்கு அது என் வாய்க்குள்ளும் இருந்தது என்பதை மறைக்கவும் மனசில்லை.

இது தெரிந்துதான் கூட்டி வந்தாயா என்று பாண்டியம்மாவை அதட்டினேன். அவள் சொன்னாள்: "தெரியும் டீச்சர். எங்களோடதான் தார் சுத்துறா, எங்களோடதான் திங்கிறா, எங்களோடதான் படுத்து எந்திரிக்கிறா. கபடிக்கு மட்டும் வேற யாரோட போவா?"

ராஜாத்தியின் எலும்பு

தடுக்க விதி எதுவும் இல்லாததால் அன்றைக்கு ஆட விட்டேன். செல்லூர் ஜெயித்தது. தோற்றது திருப்பரங்குன்றம் அணி. அதன் கேப்டன் ராஜாத்தி விவசாயக் குடும்பத்துப் பெண், லேசில் யாரிடமும் பிடிபடாதவள். அவளை செல்வி பிடித்துக் கீழே சாய்த்ததில் தோள்பட்டை வீங்கிவிட்டது.

செல்வியைப் பெண்களோடு ஆடவிட்டது அநியாயம் என்று என்னிடம் வந்தாள். தோற்றவர்கள் சொல்லும் குறை என்று முதலில் இவளையும் நான் நம்பவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் எடை போட்டு எழுதிய தாளை எடுத்துக் காட்டினேன். செல்வி இவளைவிட இரண்டு கிலோ குறைவு. ராஜாத்தி தாளைப் பார்க்கவே இல்லை. தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எடையப் போட்டுட்டீக. பலத்த எந்தத் தராசுல போடுவீக டீச்சர்?"

கமிட்டி

ராஜாத்தியின் புகார், போட்டிகளை நடத்துகிற கமிட்டிக்குப் போனது. கூட்டத்துக்கு முதல் நாள் பாண்டியம்மா என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பெண்கள் லிஸ்டில் செல்வியின் பெயரை அடித்தால், பெண்கள் ஷெட்டிலும் அவளுக்கு இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். வேலையும் அதுதான், படுக்கிற இடமும் அதுதான். என் இரக்கத்தைச் சம்பாதிக்க அளக்கிறாள் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

கமிட்டியில் நான்கு ஆண்கள், நான் ஒருத்தி. ஒருவர் டாக்டர் சான்றிதழ் கேட்கலாம் என்றார். இன்னொருவர், அவள் ஆண்கள் அணியிலேயே ஆடட்டுமே என்றார். வடை தீர்ந்த நேரத்தில் விதி தயாரானது. யார் மீதாவது புகார் வந்தால், பெண் அம்பயர் விசாரித்து, 'பெண் என்பதில் சந்தேகமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எப்படி விசாரிப்பது என்று ஒரு வரியும் இல்லை. அதைக் கேட்டதற்குத் தலைவர் மேல்துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா பாத்துச் சொல்லட்டும். நாமெல்லாம் குடும்பஸ்தங்க, இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

புகார் மேல் புகார்

விதி வந்த அடுத்த போட்டியிலேயே, நன்றாக ஆடுகிற எவளும் பெண்ணில்லை என்றாகிவிட்டது. மேலுதட்டில் பூனைமுடி இருந்த கல்லூரி மாணவி மீது புகார். டைபாய்டில் முடி கொட்டிக் கிராப் வெட்டியிருந்தவள் மீது புகார். அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே என் பொழுது போனது. அப்போதும் அந்த விதி தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் கெட்டுக் கிடக்கிறது என்றுதான் தோன்றியது.

ஸ்டெல்லா என்று ஒரு குமாஸ்தாவின் மனைவி. அவள் ரைடு போனால் ஒரு தடவையில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருவாள். புகார் என்று கூப்பிட்டதும், மைதானத்து ஓரத்தில் மாமியார் மடியிலிருந்த கைக்குழந்தையைத் தூக்கி வந்து என் மேஜைமேல் உட்கார வைத்தாள். "இந்தா, நான் பெத்தது. இன்னும் பால்குடி மறக்கல. இவன்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கிறீகளா?"

சீட்டு

அன்று சாயங்காலம் செல்லூருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் ஆட்டம். ராஜாத்தி எழுத்தில் புகார் கொடுத்தாள். செல்வி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். நான் எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வெட்கம். ஒரு சீட்டில் 'சந்தேகம் உண்டு' என்று எழுதி, சீல் குத்தி, அவள் கையில் கொடுத்தேன். எழுதியது பொய்யில்லை, எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் எனக்கு எல்லார் மீதும்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தது இவளுக்கு மட்டும்.

மனசு கேட்காமல், ஆண்கள் அணியில் கேட்டுப் பாரேன் என்றேன். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, சத்தத்தை உயர்த்தாமல் கேட்டாள்: "அங்க போனா கோட்டுக்குள்ள மட்டுமா டீச்சர் என்னயப் பிடிப்பாக?"

தார் ராட்டை

செல்லூர் ஆறு பேரோடு ஆடித் தோற்றது. ராஜாத்தி ஜெயித்தாள். அவள் பயம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராத்தூக்கம் போய்விட்டது. பாண்டியம்மா அளந்துதான் விட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் தூங்கலாம் என்று, இரண்டு வாரம் கழித்து அந்த ஷெட்டுக்குப் போனேன். செல்வியின் ராட்டையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி சொன்னதைச் செய்துவிட்டார். எங்கே போனாள் என்று கேட்டேன். பாண்டியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, ராட்டையையும் நிறுத்தவில்லை. "சொல்லிட்டுப் போகல டீச்சர். நீங்க குடுத்த சீட்டப் பத்திரமா மடிச்சு வச்சுக்கிட்டா. எதுக்குடின்னு கேட்டேன். இனி போற எடத்துலயெல்லாம் கேப்பாகள்ல, காட்டணும்னு சொன்னா."

அதற்கப்புறம் செல்லூர் வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதே இல்லை, கேட்கிறவர்களிடம் அதில் கூட்டம் தாங்க முடியவில்லை என்று சொல்கிறேன், அவர்களும் துளிச் சந்தேகமில்லாமல் நம்பிவிடுகிறார்கள்.